கேள்வி-பதில்: 2 வருடக் கணக்கு யார் போட்டது?

கேள்வி: சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியின் சர்வீஸ் டெஸ்க்கில் 14 மாதமாக வேலை. கைக்கு 18,500 ரூபாய். பெங்களூருவில் 4.2 லட்சம் பேக்கேஜுக்குக் கூப்பிடுகிறார்கள். "2 வருடம் முடித்துவிட்டுப் போ" என்கிறார்கள் நண்பர்கள். நோட்டீஸ் வேறு 90 நாள். சொல்லாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்?
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: கைலி வாங்க வரும் வியாபாரி நெசவைத் தடவிப் பார்ப்பார். தறியில் எத்தனை வருடம் உட்கார்ந்தீர்கள் என்றா கேட்பார்? குடியாத்தத்துக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி 3 மாதத்தில் நீங்கள் மூடிய டிக்கெட்டுகளை (ஊழியர்கள் பதியும் புகார்களை) எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். பாஸ்வேர்ட் ரீசெட், அக்கவுன்ட் அன்லாக் எல்லாம் ஒரு பக்கம். காரணத்தை நீங்களே கண்டுபிடித்தவை மறுபக்கம். 'லாகின் ஆகவில்லை' என்று ஒரு டிக்கெட் வருகிறது. ஸ்கிரிப்ட்படி ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி, பாஸ்வேர்டை மாற்றி, அப்படியும் ஆகாமல் எல்2-வுக்கு, அதாவது அடுத்த நிலை டெக்னிக்கல் டீமுக்குத் தள்ளிவிட்டால் அது முதல் பக்கம். லேப்டாப் கடிகாரத்தைப் பார்த்தீர்களா? விண்டோஸ் டொமைனில் ஆளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், வழக்கமான அமைப்பில் சர்வர் கடிகாரத்தோடு 5 நிமிட வித்தியாசம் வரைக்கும்தான் பொறுக்கும். அதைத் தாண்டினால் பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் பிரயோஜனமில்லை. இதைப் பிடித்து, டிக்கெட்டில் எழுதி மூடியிருந்தால் மறுபக்கம்.

மறுபக்கம் காலியென்றால் முதலில் டீம் லீடுக்கு மெயில் போடுங்கள்: வாரத்தில் 2 நாள் எல்2 ஆட்களோடு உட்காருகிறேன் என்று. ஒன்றரை மாதம் ஆகியும் அசைவில்லையென்றால், அங்கே 14 மாதமும் ஒன்றுதான், 24 மாதமும் ஒன்றுதான். பெங்களூருக்காரர்களிடமும் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது: "எந்த சிஸ்டத்தில் எனக்கு அட்மின் உரிமை தருவீர்கள்?" மென்று விழுங்கினால் அங்கேயும் பாஸ்வேர்ட் ரீசெட்தான், ஊர் மட்டும் வேறு.

இப்போது 4.2 லட்சம். 12-ஆல் வகுத்து 35,000 என்று கனவு காணாதீர்கள். அடிப்படைச் சம்பளம் பாதி, வேரியபிள் (வேலையைப் பார்த்துத் தரும் தொகை, மாதாமாதம் வராது) 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வேரியபிளுக்கு 42,000, கம்பெனி கட்டும் பி.எஃப். 21,600, கிராஜுவிட்டி சுமார் 10,100 முதலிலேயே கழியும். மிச்சத்தை மாதத்துக்கு வகுத்து, உங்கள் பங்கு பி.எஃப். 1,800-ஐயும் தொழில்வரி 200-ஐயும் எடுத்தால் கைக்கு 26,850 சொச்சம். பெங்களூரு பி.ஜி. வாடகையைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சென்னை மிச்சத்தோடு ஒப்பிடுங்கள். (மெடிக்கல் இன்ஷூரன்ஸையும் பேக்கேஜுக்குள்ளேயே அடைக்கிற கம்பெனிகள் உண்டு.)

சொல்லாமல் நிற்பதா? நின்றுதான் பாருங்களேன். ரிலீவிங் லெட்டர் வராது. அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் அது கேட்கப்படும். 14 மாத அனுபவத்தையும் நீங்களே கிழித்துப் போட்ட மாதிரி. ஆஃபர் லெட்டர் எழுத்தில் வந்த பிறகு ராஜினாமா மெயில் அனுப்புங்கள், போனில் எச்.ஆர். சொன்னதெல்லாம் ஆஃபர் ஆகாது. நோட்டீஸைப் பணம் கட்டிக் குறைக்கலாமா, கட்டினால் அடிப்படைச் சம்பளத்துக்கா மொத்தச் சம்பளத்துக்கா என்பது உங்கள் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் இருக்கும். அந்தப் பணத்தைப் புதிய கம்பெனி தருவதானால் ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் ஒளிந்திருக்கலாம், தேடிப் பாருங்கள். பே-ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் நோட்டீஸ் காலத்திலேயே இறக்கிக்கொள்ளுங்கள். கடைசி நாள் மாலை லாகினை வெட்டிவிடுவார்கள். கம்பெனி ஃபைல் ஒன்றைக்கூட சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்.

பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம், அதே யு.ஏ.என். எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) புதிய கம்பெனிக் கணக்குக்கு மாற்றுங்கள். 5 வருடத் தொடர் சர்வீஸுக்கு முன்னால் எடுத்தால் வரி உண்டு. பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் போடாமல் இழுத்தால், கடைசிப் பங்களிப்பு மாதத்திலிருந்து 2 மாதம் கழித்து பி.எஃப். நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் நீங்களே போடலாம். ரிலீவிங் லெட்டரில் இருக்கும் தேதியையே போடுங்கள். புதிய கம்பெனியில் சேர்ந்த தேதியோடு ஒருநாள் உரசினாலும் இரட்டை வேலை மாதிரித் தெரியும், அப்புறம் திருத்துவது லேசில்லை.