இரவு 11 மணி ஆட்டம்: கையில் எடுத்துத் தின்ன என்ன வாங்கலாம்?

கேள்வி: சனிக்கிழமை இரவு பிரிமியர் லீக் ஆட்டம் பார்க்க நண்பர்கள் 12 பேர் எங்கள் நாலறை வீட்டுக்கு வருகிறார்கள். அதில் இருவர் முஸ்லிம்கள், இருவர் சைவம். "ராத்திரி முழுக்க என்னால் அடுப்படியில் நிற்க முடியாது" என்று மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டார். கேட்டரிங் கடையில் மினி பஃபே சொல்லலாம் என்று பார்க்கிறேன். தலைக்கு 16 வெள்ளி. சரியாக வருமா? (செங்காங் வாசகர்)

பதில்: மனைவி சொல்வது நியாயம். நீங்களும் அடுப்படியில் நிற்க வேண்டாம். ஆனால் பஃபே சொல்ல வேண்டாம் என்பதுதான் என் கருத்து. விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கடிகாரம்.

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 11 மணி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பதால், அந்த மாதங்களில் இரவு 10 மணி. கேட்டரிங்காரர் சாப்பாட்டை எப்போது கொண்டுவருவார்? ஆறரை, ஏழு மணிக்கு. பெட்டியின் மேல் ஒரு சிட்டை ஒட்டியிருக்கும், எத்தனை மணிக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று. சமைத்து முடித்ததிலிருந்து 4 மணி நேரம் என்பது கணக்கு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால் சிங்கப்பூர் உணவு அமைப்பு வைத்திருக்கும் விதி அது. மாலை 6 மணிக்குச் சமைத்தது 10 மணிக்கே கெடு முடிந்துவிடும். உங்கள் ஆட்டமோ 11 மணிக்குத்தான் தொடங்குகிறது. இடைவேளைக்கு மேல் எல்லாரும் கையில் எடுக்கப்போவது, தூக்கிப் போட்டிருக்க வேண்டிய சாப்பாடு.

அடுத்து, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்பது வகை என்பார்கள். பீஹூன், பொரித்த சோறு, கோழிக்கறி, காய்கறி, மீன் துண்டு, பழம் அல்லது இனிப்பு, சர்பத் என்று கணக்குக் காட்டினால், கையால் எடுத்துச் சாப்பிடக்கூடியது இரண்டோ மூன்றோதான் தேறும். தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் பீஹூன் சாப்பிட்டவரை நான் பார்த்ததில்லை. அதுவும் 11 மணிக்கு வருபவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். சோறு அப்படியே கிடக்கும்.

விலையையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். குறைந்தது 15 பேருக்குத்தான் தருவோம் என்று கடை சொன்னால் 240 வெள்ளி. கொண்டுவந்து கொடுக்க 40 என்று வைத்துக்கொள்வோம். அதற்குமேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. மொத்தம் 305 வெள்ளி 20 காசு. வருவது 12 பேர் என்பதால் தலைக்கு 25 வெள்ளிக்கு மேல் ஆகிறது. விளம்பரத்தில் கண்ட 16 எங்கே போனது? எந்தக் கடையிடமும் முதலில் கேட்க வேண்டியது, "எல்லாம் சேர்த்து, கடைசியாக நான் கட்டப்போவது எவ்வளவு?"

சரி, பிறகு என்ன வாங்குவது? சாப்பிட்டுவிட்டு வருபவர்களுக்குத் தலைக்கு ஆறு உருப்படி போதும். மொத்தம் 72. பாதியைச் சூடாகவும் பாதியை ஆறினாலும் கெடாததாகவும் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆறியது எளிது. முறுக்கு, மிக்சர், வறுத்த கடலை, வெள்ளரித் துண்டுகள். தேக்காவிலோ முஸ்தஃபாவிலோ எடை போட்டு வாங்கினால் மலிவு. பெரிய கிண்ணத்தில் கொட்டி நடுவில் வைக்காதீர்கள், பன்னிரண்டு பேர் கையும் அதற்குள்தான் போகும். அந்தக் காலத்தில் திரையரங்கு வாசலில் நம் ஆட்கள் கச்சாங் பூத்தேயைக் காகிதக் கூம்பில் மடித்துக் கொடுத்தார்களே, அதைவிட நல்ல ஏற்பாடு இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆளுக்கு ஒரு கூம்பு. கையில் பிடித்துக்கொண்டு கோல் விழும்போது துள்ளிக் குதிக்கலாம். கடலை ஒவ்வாதவர் இருந்தால் அவருக்கு மட்டும் தனியாகக் கட்டிவிடலாம்.

சூடான 36-க்கு உறைந்த சமோசா, கறிபஃப், ஸ்பிரிங் ரோல், கோழி இறக்கை. இங்கே பொட்டலத்தைப் படிப்பது அவசியம். ஏற்கெனவே லேசாகப் பொரித்து உறையவைத்தது என்று போட்டிருந்தால் ஏர் ஃபிரையரில் நன்றாக வரும். பச்சை மாவாக உறையவைத்ததை அப்படியே உள்ளே தள்ளினால் வெளிறி, அப்பளக் கட்டை மாதிரி விறைத்துவிடும். எண்ணெய் தடவியாக வேண்டும். படத்தைப் பார்த்து வாங்கினால் இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டிலும் ஒரே பொன்னிறப் படம்தான். விலையைப் பொட்டலத்துக்குப் பொட்டலம் ஒப்பிடாமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பேரங்காடி விலைச் சிட்டையில் சிறிய எழுத்தில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கைப்பேசியில் கணக்குப் போடுங்கள். "பார்ட்டி பேக்" என்று எழுதியிருப்பது எப்போதும் மலிவாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இறக்கையில் எலும்பு ஒரு தொல்லை. எலும்பு போட ஒரு கிண்ணம் வைக்க மறந்தால், மறுநாள் சோஃபா இடுக்கில் தேட வேண்டியிருக்கும். சட்னி கெட்டியாக இருக்கட்டும். தண்ணீர்ச் சட்னி வைத்தால் விருந்து மெத்தைக்குத்தான்.

நேரத்தை இப்படி ஓட்டலாம். சாதாரண ஏர் ஃபிரையர் கூடையில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வைத்தால் பத்து உருப்படி கொள்ளும். பொதுவாக 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், பொட்டலத்தில் உள்ளதையே கடைப்பிடியுங்கள். 36-க்கு நான்கு தடவை போட வேண்டும். இரண்டு தடவை ஆட்டத்துக்கு முன். மூன்றாவதை 35-வது நிமிடத்தில் உள்ளே வைத்தால் நடுவர் விசில் ஊதும்போது தயார். நான்காவது, இடைவேளையின் 15 நிமிடத்தில் வெந்துவிடும். ஓவனில் பெரிய தட்டு இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், ஒரே தடவைதான்.

ஏர் ஃபிரையரையும் கெட்டிலையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகாதீர்கள். நம் வீட்டு 13 ஆம்ப் இணைப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,000 வாட் வரை தாங்கும். ஃபிரையர் 1,500, கெட்டில் 2,000 என்றால் ஆட்டத்தின் நடுவே ஃபியூஸ் போய்விடலாம். அதைவிட மோசம், கம்பி சூடேறி உருகுவது.

இனி உங்கள் நான்கு சிறப்பு விருந்தினர்கள். முஸ்லிம் நண்பர்களுக்காகத் தனித் தட்டு வைக்காதீர்கள், இறைச்சி அத்தனையையும் ஹலால் முத்திரை உள்ளதாகவே வாங்கிவிடுங்கள். அவர்களும் கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டியதில்லை. கடை வாசலில் "பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்று பலகை மாட்டியிருப்பது ஹலால் சான்றிதழ் ஆகாது. முயிஸ் எனும் இஸ்லாமிய சமய மன்றம் தரும் சான்றிதழ் வேறு, அந்தப் பலகை வேறு. பீர் இருந்தால் அதைச் சாப்பாட்டு மேசையில் வைக்காமல் தள்ளி வைப்பது மரியாதை.

சைவக்காரர்களுக்குச் சமோசாவை முதல் கூடையிலேயே போட்டு எடுத்துவிடுங்கள், கோழிக்கு முன்பாக. காய்கறி என்று எழுதியிருப்பதெல்லாம் நம் சைவம் இல்லை. ஸ்பிரிங் ரோலில் இறால் இருக்கும், பீஹூனில் சிப்பிச் சாறு இருக்கும், சீன சைவக் கடைப் பலகாரத்தில் முட்டை இருக்கலாம். பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் முட்டை, மீன், இறால் நண்டு வகை, பால், நிலக்கடலை போன்றவை இருந்தால் அச்சிட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். பத்து விநாடி செலவழித்தால் தெரிந்துவிடும்.

சாத்தே பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது ஒருவர் யோசனை சொல்லத்தான் போகிறார். கடை உங்கள் புளோக்குக்குக் கீழேயே இருந்தால் வாங்குங்கள். அரை மணி நேரம் பையில் பயணம் செய்த சாத்தேயில் கொழுப்பு உறைந்து, குச்சிதான் மிச்சம். இறால் வடைக்கும் இதே பேச்சு, ஆனால் வடையை ஃபிரையரில் நாலு நிமிடம் காட்டினால் திரும்ப உயிர் வரும்.

கேள்வி: கடந்த மாதம் ஓர் இறுதியாட்டத்துக்கு ஒரு கடையில் பொரித்த கோழியும் சிற்றுண்டியும் சொல்லி 180 வெள்ளி முழுவதையும் முன்கூட்டியே கட்டினேன். 8 மணிக்கு வர வேண்டியது 10 மணிக்கு வந்தது, அதுவும் 60 துண்டுக்குப் பதில் 48. "அடுத்த தடவை விலைக்கழிவு தருகிறோம்" என்கிறார்கள். வேறு வழி உண்டா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: அடுத்த தடவை அதே கடையில் வாங்கினால்தானே கழிவு! ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. 12 துண்டு குறைவு என்றால் ஐந்தில் ஒரு பங்கு வரவில்லை. அதற்கு 36 வெள்ளி என்று தொகையைக் குறிப்பிட்டு, எழுத்தில் கேளுங்கள். தாமதத்துக்குத் தனியாகக் கேளுங்கள். "எனக்கு நியாயம் வேண்டும்" என்பதைவிட "இந்தத் தேதிக்குள் இவ்வளவு திருப்பித் தாருங்கள்" என்பதற்குத்தான் பதில் வரும். உறுதிச் செய்தி, வந்து சேர்ந்த நேரம், பெட்டிகளைத் திறந்து வைத்த படம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

கடை அசையவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அதற்கும் மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும், வழக்கறிஞர் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. 36 வெள்ளிக்காக அங்கே போவீர்களா என்பது உங்கள் பிடிவாதத்தைப் பொறுத்தது. ஆனால் போக முடியும் என்று உங்களுக்குத் தெரியும் என்பதைக் கடைக்குத் தெரியப்படுத்துவதில் செலவு எதுவும் இல்லை.

கேள்வி: வீட்டில் செய்து விற்கும் ஓர் அம்மாவின் கறிபஃப் விளம்பரம் ஃபேஸ்புக்கில் வந்தது. முழுப் பணமும் முன்னாலேயே கேட்கிறார்கள். நம்பலாமா? (ஈசூன் வாசகர்)

பதில்: வீட்டிலிருந்து சிறிய அளவில் சமைத்து விற்பது இங்கே அனுமதிக்கப்பட்டதுதான். அதற்கு உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை, அதனால் உரிம எண்ணை வைத்துச் சரிபார்க்கவும் முடியாது. தெரிந்தவர் யாராவது வாங்கியிருக்கிறாரா என்று விசாரியுங்கள். முதல் தடவை பத்து கறிபஃப் மட்டும், நேரில் போய் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். ருசியும் தெரியும், ஆளும் தெரியும். பேநவ்வில் பணம் அனுப்புமுன் திரையில் வரும் பெயர் அவர் சொன்ன பெயர்தானா என்று பாருங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆர்டர் செய்ய ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்லி இணைப்பு அனுப்பினால் அந்த நொடியே விலகிவிடுங்கள். மீன், வாத்து, டுரியான் என்று மலிவு விலை விளம்பரம் போட்டு, செயலியை நிறுவவைத்து வங்கிக் கணக்கைத் துடைத்த மோசடிகள் 2023-இல் இங்கே நிறைய நடந்தன. கறிபஃப் விற்க யாருக்கும் செயலி தேவையில்லை. சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண் 1799-ஐ அழைத்துக் கேட்கலாம்.

கேள்வி: பானங்களை மொத்தமாக வாங்குவதா, அன்றைக்கு அன்றைக்கா? (பிடோக் வாசகர்)

பதில்: கெடாத பொருள், மொத்தமாகவே வாங்குங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் வைப்புத்தொகை அடையாளம் உள்ள பிளாஸ்டிக் போத்தல், டின் ஒவ்வொன்றுக்கும் 10 காசு சேர்த்து வாங்குகிறார்கள். 24 டின் அட்டைப்பெட்டிக்கு 2 வெள்ளி 40 காசு. நசுக்காமல் வைத்திருந்து இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். விலையை ஒப்பிடும்போது அந்தத் தொகையைக் கழித்துப் பாருங்கள். விருந்தாளிகள் கோல் விழுந்த மகிழ்ச்சியில் டின்னைக் கசக்காமல் இருக்க வேண்டும், அதற்கு ஒரு பையை வாசலருகே மாட்டிவிடுங்கள்.

பீர் வாங்குவதானால் இரவு பத்தரைக்குள் வாங்கி முடியுங்கள். அதன்பிறகு காலை 7 மணி வரை கடைகள் எடுத்துச்செல்ல விற்கக் கூடாது. இடைவேளையில் கீழே ஓடுவது நடக்காது. அந்த நேரத்தில் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து குடிப்பதும் சட்டப்படி கூடாது.

கேள்வி: சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் விடியற்காலை 4 மணிக்கு. அப்போது என்ன கொடுப்பது? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: அந்த நேரத்தில் பொரித்தது வயிற்றுக்குள் இறங்காது. குட்டி இட்லியில் பொடியும் நல்லெண்ணெயும் பிசைந்து பல்குச்சி குத்தி வையுங்கள். கையில் ஒட்டாது, ஆறினாலும் ருசி. மாவு பேரங்காடியிலேயே கிடைக்கிறது. காயா ரொட்டியைச் சுட்டு விரல் நீளத்துக்கு வெட்டலாம். அவித்த முட்டையை நாலாக வெட்டி மிளகுத்தூள் தூவலாம், ஆனால் முட்டையை முந்தைய இரவே வெளியில் வைத்துவிடாமல் குளிர்பெட்டியில் வையுங்கள். ஆட்டம் முடியும்போது காலை ஆறு மணி ஆகியிருக்கும். கீழே காப்பிக்கடை திறந்துவிடும், பரோட்டா வேண்டுபவர்கள் அங்கே போகட்டும்.