கழுகுக்கூட்டில் சாப்பிடலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியில் இருக்கும் மகன், பெர்ஹ்டெஸ்காடன் பக்கத்தில் மலை உச்சியில் ஹிட்லருக்காகக் கட்டிய கெல்ஸ்டைன் வீட்டுக்கு எங்களை அழைத்துப்போனான். கழுகுக்கூடு என்கிறார்கள். இப்போது அது உணவகம். பீர், செல்ஃபி, சிரிப்பு. நானும் ஆப்பிள் ஸ்ட்ரூடல் சாப்பிட்டேன். இறங்கியபின் மனசு உறுத்துகிறது. அதை இடித்துத் தள்ளியிருக்க வேண்டாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஸ்ட்ரூடலுக்காக வருந்தாதீர்கள். அந்த வீட்டின் வருமானம் ஓர் அறக்கட்டளை வழியாக நல்ல காரியங்களுக்குத்தான் போகிறது.

இடித்திருக்கலாமே என்கிறீர்கள். இடித்தார்கள், ஆனால் வேறு வீட்டை. ஹிட்லர் குடியிருந்தது உச்சியில் இல்லை. கீழே ஓபர்சால்ஸ்பெர்க்கில், பெர்க்ஹோஃப் என்ற வீட்டில். 1938 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் வந்து பேசியது அங்கே. 1939 ஆகஸ்ட் 22 அன்று, போலந்து மீது பாய்வதற்குப் பத்தே நாள் முன்பு, தளபதிகளைக் கூட்டிவைத்துப் பேசியதும் அங்கேதான். 1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. யாரும் அதைக் கோயிலாக்கிவிடக் கூடாதென்று எஞ்சியதை 1952-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்று அங்கே மரங்களும் ஒரு தாங்குசுவரும்தான். உச்சி வீட்டின் மேல் குண்டு விழவில்லை. ஹிட்லர் அபூர்வமாகவே போன வீடு அது. ஆக, போர் பேசிய இடம் காடாகிவிட்டது. கூட்டமெல்லாம் காட்சி பார்க்கும் வீட்டுக்குப் போகிறது. எனக்கு உறுத்துவது இதுதான்.

அதற்காக உச்சி வீடு ஒரு பாவமும் அறியாதது என்று சொல்லவில்லை. நீங்கள் ஏறிய லிஃப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாறைக்குள் 124 மீட்டர் நடை, அப்புறம் அதே 124 மீட்டர் மேலே. உள்ளே நாலு பக்கமும் பளபளக்கும் பித்தளை; நம் முகமே மஞ்சளாகத் தெரியும். இதையும் மலைச்சாலையையும் ஹிட்லருக்கு நெருக்கமான நாஜி நிர்வாகி போர்மன் 1937-38-ல் ஏறத்தாழ 13 மாதத்தில் கட்டிமுடிக்க வைத்தார். அந்த அவசரத்தில் செத்த தொழிலாளிகள் உண்டு. அதற்கு முன்பே ஓபர்சால்ஸ்பெர்க் விவசாயிகளை மிரட்டி நிலத்தை எழுதி வாங்கி, வீடுகளை இடித்துத் துரத்தியாகிவிட்டது. காலிசெய்ய மறுத்த ஒரு புகைப்படக் கடைக்காரரை டாஹௌ வதைமுகாமுக்கே அனுப்பினார்கள். காட்சி நன்றாயிருக்கிறது என்று நாம் சொல்வது இவர்களிடம் பிடுங்கிய மலையைப் பார்த்துத்தான்.

உணவகக் கூடத்தில் சிவப்புச் சலவைக்கல் கணப்பு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். முசோலினியின் பரிசு. அதன் விளிம்புகள் மூளியாக இருக்கும். 1945-ல் வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஞாபகத்துக்கு ஆளுக்கொரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பழுதுபார்க்காமல் அப்படியே விட்டதுதான் எனக்கு அந்த வீட்டில் பிடித்தது.

கீழே ஓபர்சால்ஸ்பெர்க்கில் இருக்கும், நாஜி வரலாற்றைச் சொல்லும் ஆவண மையத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மலைக்கு பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1999-ல் திறந்தார்கள், பதுங்குகுழிச் சுரங்கங்களுக்குள்ளும் போகலாம். முக்கால்வாசிப் பேர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். மகனிடம் சொல்லிவையுங்கள். பஸ் மே முதல் அக்டோபர் வரைதான் ஓடும். மையம் பனிக்காலத்திலும் திறந்திருக்கும், கூட்டமும் குறைவு.