"சொந்தக் காரணங்களால்" என்று எழுதிக் கொடுத்த ரெப்

கேள்வி: கும்பகோணம் ஹெட்குவார்ட்டர்ஸில் ஒரு பெரிய மருந்து கம்பெனியின் மெடிக்கல் ரெப்பாக 4 வருடம் 9 மாதம் வேலை பார்த்தேன். டார்கெட் வரவில்லை என்று வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் திட்டு. அப்பா காரியத்துக்குக்கூட இரண்டு நாள்தான் லீவு. மூன்று வாரம் முன்பு மீட்டிங் என்று திருச்சி ஹோட்டல் ஒன்றுக்கு வரச்சொல்லி, "பார்க்காத டாக்டரைப் பார்த்ததாக ரிப்போர்ட் போட்டிருக்கிறாய், ராஜினாமா கொடு, இல்லாவிட்டால் விசாரணை, டிஸ்மிஸ்" என்றார்கள். அங்கேயே போனில் மெயில் அனுப்பினேன். மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள். எம்.டி.க்கு அனுப்ப ஐந்து பக்கக் கடிதம் எழுதி இணைத்திருக்கிறேன். கேஸ் போட்டால் ஜெயிக்குமா?

பதில்: ஐந்து பக்கத்தையும் படித்தேன். வாட்ஸ்அப் திட்டு, லீவு, டார்கெட் எதுவும் இந்த வழக்கில் நிற்காது. நிற்கப்போவது நீங்கள் அனுப்பிய ஒற்றை வரி மெயில்: "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்."

மெடிக்கல் ரெப் 'தொழிலாளி' அல்ல என்று சான்டோஸ் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் பயப்படாதீர்கள். விற்பனைப் பிரதிநிதிகளுக்கென்று 1976-லேயே தனிச் சட்டம் வந்து அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது. இப்போதைய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் 'தொழிலாளி' என்ற விளக்கத்துக்குள்ளேயே நீங்கள் இருக்கிறீர்கள். வழக்குப் போடக் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் உங்களை யாரும் நீக்கவில்லை, நீங்களே விலகியதாகத்தான் காகிதம் பேசுகிறது. மிரட்டி வாங்கியது என்றால் அதை நிரூபிப்பது உங்கள் பாடு. "விசாரணையா, ராஜினாமாவா?" என்று கேட்டதை மட்டும் வைத்து மிரட்டல் என்று நீதிமன்றம் எளிதில் சொல்லிவிடாது. அதோடு முதல் கேள்வியே, "மிரட்டினார்கள் என்றால் மறுநாள் ஏன் சொல்லவில்லை?" என்பதாகத்தான் இருக்கும். மூன்று வாரம் போய்விட்டது. இன்றே நாலு வரி எழுதி மெயிலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்: எந்தத் தேதி, எந்த இடம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், ராஜினாமா என் விருப்பத்தில் கொடுத்ததல்ல, வேலைக்குத் தயார். அவ்வளவுதான்.

எம்.டி. கடிதத்தை மட்டும் அனுப்பவே அனுப்பாதீர்கள். மூன்றாம் பக்கத்தில், "மேனேஜர் சொல்லித்தான் மயிலாடுதுறை, சீர்காழி டாக்டர்களைப் பார்த்ததாகப் போட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் அது மேனேஜர் மேல் புகார். கம்பெனி வக்கீலுக்கு அது உங்கள் ஒப்புதல் வாக்குமூலம். அந்த ரிப்போர்ட்டை வைத்து பயணப்படியும் வாங்கியிருப்பீர்களே, அப்புறம் அது பொய்க் கணக்கு என்று ஆகிவிடும்.

மன்னார்குடிப் பக்கத்து ரெப் ஒருவர் என்னிடம் வந்தார். நல்ல கேஸ். எவ்வளவு உழைத்தேன் பாருங்கள் என்று இரண்டு வருட தினசரி ரிப்போர்ட்டை பைண்டிங் போட்டுக் கொண்டுவந்தார். நானும் முழுசாகப் புரட்டாமல் தாக்கல் செய்தேன், தப்பு என்னுடையதும்தான். குறுக்கு விசாரணையில் எதிர் வக்கீல் ஒரே தாளை எடுத்து நீட்டினார். "16.11.2018 அன்று வேதாரண்யத்தில் ஒன்பது டாக்டர், இரண்டு மெடிக்கல் ஷாப் பார்த்திருக்கிறீர்களா?" அன்று விடியற்காலையில்தான் கஜா புயல் அங்கே கரையைக் கடந்தது. ரோடெல்லாம் மரம், கரண்ட் இல்லை. மாதச் சராசரி குறையக்கூடாது என்று பழக்கத்தில் போட்டிருக்கிறார். அவர் என்னைப் பார்த்தார், நான் ஃபைலைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன உண்மைகளும் எடுபடவில்லை.

உங்கள் ரிப்போர்ட்டுகளிலும் அப்படி ஒரு நாள் இருக்கும். அதனால் என் யோசனை, பேசி முடியுங்கள். பேச்சில் உங்கள் கையில் உள்ள துருப்புச் சீட்டு கிராஜுவிட்டி. "ஐந்து வருடம் ஆகவில்லை" என்பார்கள். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998-லேயே நம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 ரூபாய் என்றால், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் (மாதத்துக்கு 26 நாள் கணக்கு), அதாவது 15,000 வீதம், ஐந்து வருடத்துக்கு 75,000 ரூபாய். கூடவே நோட்டீஸ் சம்பளம், நிலுவையில் உள்ள படி, எந்தக் குறிப்பும் இல்லாத ரிலீவிங் லெட்டர். அடுத்த கம்பெனி இன்டர்வியூவில் முதலில் கேட்பது அந்த லெட்டரைத்தான்.

கணக்கு முடிக்கும் தாளில் "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். பணம் அக்கவுன்ட்டில் ஏறி, லெட்டரும் கைக்கு வந்த பிறகு அதில் கையெழுத்துப் போடுங்கள்.