தெரியாத சொல் வந்தால் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கிறதா?

கேள்வி: திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் ஒரு வாசிகசாலையில் பின்னேரங்களில் தரம் 6, 7 பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கிறேன். எழுத்துக்கூட்டி நன்றாக வாசிக்கிறார்கள், ஆனால் தெரியாத சொல் வந்ததும் நின்று என் முகத்தைப் பார்க்கிறார்கள். அகராதியைப் பார் என்றால் முகம் வாடிவிடுகிறது. ஒரு பிள்ளை மட்டும் நிற்பதே இல்லை, எல்லாம் விளங்கியதுபோலத் தலையாட்டுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, அவர்கள் நிற்கிற சொற்களில் பாதிக்கு மேல் உண்மையில் தெரியாத சொற்களாக இருக்காது என்பது என் எண்ணம். தெரிந்த சொற்கள்தான், ஒன்றோடொன்று ஒட்டி உருமாறி வந்திருக்கும். கன்னியாவுக்குப் போய் ஏழு சுடுதண்ணிக் கிணற்றிலும் குளித்துவிட்டு வந்த பிள்ளை பாடநூலில் 'வெந்நீரூற்று' என்று கண்டால் திகைக்கும், நீரும் ஊற்றும் அதற்குத் தெரியாதா என்ன? 'மட்பாண்டம்' அதைவிட மோசம், மண் என்ற சொல்லே அங்கே கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பொருளைச் சொல்லாதீர்கள், அகராதியையும் நீட்டாதீர்கள், முதலில் பென்சிலைக் கொடுத்து "இதுக்குள்ள உனக்குத் தெரிஞ்ச சொல் எது, கோடு போடு" என்று மட்டும் சொல்லுங்கள். பிரித்ததும் பொருள் பாதி வந்துவிடும். பிரிப்பதும் சில நேரம் ஏமாற்றும்தான், 'கடலை கொறித்துக்கொண்டே கடலைப் பார்த்தான்' என்ற வரியை ஒருநாள் பலகையில் எழுதிப் பாருங்கள், வகுப்பு சிரித்து முடிய வசனத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் வெட்டக்கூடாது என்பது தானாக விளங்கும்.

அடுத்தது, வசனத்தை முடிக்க விடுவது. தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது, நடுவில் நிற்கிற பிள்ளைக்குத் துப்புக் கிடைக்காது. 'வாடைக்காற்றில் கடல் கொந்தளித்ததால் வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன' என்று ஒரு வரி என்று வையுங்கள். 'கொந்தளித்தது' தெரியாத ஒரு பிள்ளை "கடல் வற்றிப்போச்சு" என்று சொல்லலாம், வள்ளம் கரையில் கிடப்பதற்கு அதுவும் பொருந்துகிறதே! பிழை என்று வெட்டாமல், வாடை அடிக்கிற மாதங்களில் கடல் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். உங்கள் வகுப்பில் கடற்றொழில் வீட்டுப் பிள்ளை இருந்தால் அது உங்களுக்கே வகுப்பெடுக்கும். கடலில்லாத கந்தளாய்ப் பக்கப் பிள்ளைக்கு அதே வரி கடினம், அதற்கு வயலும் வாய்க்காலும் வருகிற பந்தியைக் கொடுத்தால் ஊகம் ஓடும்.

இரண்டும் கைகொடுக்காத சொற்களும் உண்டு. 'சாசனம்' என்பதை எப்படிப் பிரிப்பது? சும்மா பொருளைச் சொல்லிவிட்டு நகருங்கள். கதையில் ஏதோ ஒரு மரத்தின் பெயர் தெரியவில்லையா, மரம் என்று தெரிந்தால் போதும், விடுங்கள்.

அகராதி கடைசியில், ஊகம் சரியா என்று பார்க்க மட்டும். அதிலும் 'கற்றனர்' என்று தேடினால் கிடைக்காது, 'கல்' என்று போக வேண்டும், அங்கே போனால் பாறைக் கல்லும் நிற்கும். இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்காமல் அகராதியைப் பார் என்றால் முகம் வாடாமல் என்ன செய்யும்?

இன்னொன்று, புத்தகமே பொருந்தாமல் இருக்கலாம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களை வைத்து ஹூ, நேஷன் என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், துணையில்லாமல் ஒரு கதையை விளங்கிக்கொள்ளப் பெரும்பாலானோருக்கு நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டியிருந்தது. சொற்கள் ஒட்டி நிற்கிற தமிழுக்கு அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவர முடியாது, ஆனாலும் வரிக்கு வரி தடக்குப்படுகிற பிள்ளைக்கு எந்த உத்தியும் உதவாது, லேசான புத்தகம்தான் வேண்டும்.

சரி, அந்தத் தலையாட்டுகிற பிள்ளை. எனக்கு மற்றவர்களைவிட அவள்மேல்தான் கவலை. "விளங்குதா" என்று கேட்காதீர்கள், ஓம் என்றுதான் சொல்வாள். புத்தகத்தை மூடச் சொல்லி, வாசித்த பந்தியைத் தன் பேச்சில் தங்கச்சிக்கோ தம்பிக்கோ சொல்வதுபோலச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே கதை தாண்டிக் குதிக்கிறதோ அந்த வரியை இரண்டு பேருமாகத் திரும்ப எடுத்து, அவள் கையிலும் ஒரு பென்சிலைக் கொடுங்கள்.