பதிவாளர் பதியாத கல்யாணத்தைக் கேமரா பதியும்போது

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். படம் எடுப்பது பொழுதுபோக்கு. என் கல்லூரித் தோழியும் அவளுடன் வாழும் பெண்ணும் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில், முப்பது பேர் முன்னிலையில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள். படம் எடுக்க என்னை அழைத்திருக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்டு வேறு இரண்டு இணையரும் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் தொகுத்துப் பிறகு கண்காட்சி வைக்க ஆசை. சட்டச் சிக்கல் வருமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. வயது வந்த இருவர் மனமொத்துத் தனிமையில் உறவு கொள்வது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. ஆகவே உங்கள் தோழியின் கல்யாணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகாது. ஆனால் மாலை மாற்றுவதோ தாலி கட்டுவதோ அதைப் படம் எடுப்பதோ குற்றமாகாது. மற்ற இணையரில் ஒருவர் திருநங்கை, இன்னொருவர் ஆண் என்றால் நிலைமை வேறு. இந்துத் திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்திருக்கிறது. அவர்கள் பதிவே செய்யலாம்.

வீட்டார் யாராவது ‘பெண்ணைக் காணவில்லை’ என்று புகார் கொடுத்தால்? 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இதற்கென்றே உத்தரவு போட்டிருக்கிறார். இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்துடன்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், காவல்துறை வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொல்லை தராமல் புகாரை முடிக்க வேண்டும். அந்த உத்தரவின் நகலை அவர்கள் கையில் வைத்திருக்கட்டும். நீங்கள் கேமராவைப் பாருங்கள்.

இனி என் தொழில். கொங்கு நாட்டுக் கல்யாணம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு படம் எடுப்போம். முகூர்த்தக்கால், இணைச்சீர், தாய்மாமன் சீர், சடங்குகளை நடத்திவைக்கும் பெரியவரான அருமைக்காரர் ஆசி என்று வரிசை கைக்குப் பழகிவிட்டது. இங்கே அந்தப் பட்டியல் செல்லாது. இணைச்சீர் மாப்பிள்ளைக்கும் அவன் உடன்பிறந்தாளுக்கும் செய்வது. இரண்டு பெண்கள் கல்யாணத்தில் அதை விட்டுவிடுவார்களா, இருவருக்கும் செய்வார்களா, நீங்களாக ஊகிக்க வேண்டாம். ஒரு வாரம் முன்பே இருவரையும் உட்கார வைத்து, எந்தச் சீர், யார் கையால், எந்தப் பக்கம் நின்று என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘இதில் யார் மாப்பிள்ளை?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியை அவர்கள் போதுமான அளவு கேட்டிருப்பார்கள். ‘மாப்பிள்ளை நிற்க, பெண் உட்கார’ என்ற ஸ்டூடியோ நிலைகளும் வேண்டாம்.

ஒருவருக்கொருவர் தாலி கட்டுவதாக இருந்தால் அது உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். வழக்கமான கல்யாணத்தில் அந்த மூன்று முடிச்சு தவறினால் தவறியதுதான். இங்கே முதல் தாலியில் ஒளியும் கோணமும் பிசகினாலும் இரண்டாவதில் சரிசெய்துகொள்ளலாம். முதல் தாலிக்குக் கட்டுபவரின் தோளுக்குப் பின்னால் நின்று, ஏறிட்டுப் பார்ப்பவரின் முகத்தை எடுங்கள். இரண்டாவதற்கு இடம் மாறாதீர்கள். அதே இடத்தில் நின்றால் இந்த முறை கட்டுபவரின் முகம் தானாகவே உங்கள் பக்கம் திரும்பியிருக்கும்.

முகூர்த்தம் விடியலுக்கு முன் என்றால் பந்தலில் தொங்கும் எல்இடி விளக்குகளைக் கவனியுங்கள். மலிவான விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/100 வினாடியில் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது பெரும்பாலும் நின்றுவிடும். வெயில் வந்த பிறகு தென்னங்கீற்றுப் பந்தல் முகத்தில் புள்ளி புள்ளியாக ஒளியைக் கொட்டும். அப்போது இருவரையும் வீட்டுத் திண்ணைக்கு நகர்த்திவிடுங்கள். பட்டுச் சேலையின் சரிகை வெளுத்துப் போகாமல் இருக்க ஒளியைக் கொஞ்சம் குறைத்து, ‘ரா’ (RAW) கோப்பாக, அதாவது கேமரா சுருக்காத மூலக் கோப்பாக எடுங்கள்.

படம் எடுத்த பிறகுதான் உண்மையான ஆபத்து. நான் ஒருமுறை பட்டேன். கேமராவிலிருந்து கார்டு, கார்டிலிருந்து ஆல்பம் டிசைனர், அவரிடமிருந்து அச்சிடும் லேப் என்று எங்கள் தொழிலில் ஒரு படம் குறைந்தது மூன்று கை மாறும். நான் கொடுத்த ஓர் ஆல்பத்தின் பக்கங்களை ஒரு லேப் கூடுதலாக அச்சிட்டு, வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரியாக மேசையில் போட்டு வைத்திருந்தது. அது சாதாரணக் கல்யாணம் என்பதால் இரண்டு நாள் மனவருத்தத்தோடு போயிற்று. உங்கள் தோழிக்கு நடந்தால் வேலையும் வாடகை வீடும் போகலாம். எனவே டிசைனர் வேண்டாம். தேர்ந்தெடுத்த படங்களை நீங்களே வடிவமைத்து, எதிரில் நின்று அச்சிட்டு வாங்குங்கள். ஒரு ஹார்ட் டிஸ்க் உங்களிடம், ஒன்று அவர்களிடம். செல்பேசியில் எடுத்தால் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். வாட்ஸாப்பில் படத்தை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால் எடுத்த இடமும் நேரமும் கோப்போடு சேர்ந்தே போகும். தென்னந்தோப்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான். வாசல் கேட்டில் எழுதிய தோட்டத்துப் பெயரும் கார் எண்ணும் அப்படி அல்ல.

வந்திருக்கும் முப்பது பேரிடமும் அனுமதி வேண்டும். படத்தில் விழ விரும்பாதவர்கள் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டிக்கொள்ளட்டும். நூலுக்கு உங்களுக்கா பஞ்சம்!

இனி கண்காட்சி. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, பணம் வாங்காமல் நட்புக்காக எடுத்த படத்துக்கு உரிமையாளர் நீங்கள். அவர்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னதாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவர்களுடையது. ஆனால் படம் உங்களுடையது என்பதால் அதைச் சுவரில் மாட்டும் உரிமையும் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக, தமிழில், எழுத்தில் அனுமதி வாங்குங்கள்: இணையர் மட்டும் பார்க்க, வேண்டியவர்கள் பார்க்க, ஊர் பார்க்க. எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம் என்ற வரியும் அதில் இருக்கட்டும். கல்யாணத்தன்று கையெழுத்து வாங்காதீர்கள். அன்று எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். ஒரு மாதம் கழித்துப் பிரிண்ட்டுகளை மேசையில் பரப்பி வைத்துக் கேளுங்கள்.

முகம் காட்ட விரும்பாதவர்களின் படத்தில் முகத்தை மட்டும் மங்கலாக்கும் வேலை வேண்டாம். குற்றச் செய்தியில் வரும் படம் போலாகிவிடும். முகமில்லாமலேயே எடுங்கள்: மருதாணிக் கைகள், பின்னலில் வைத்த மல்லிகை, வாசலில் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் இரண்டு ஜோடிச் செருப்பு. விளக்கக் குறிப்பில் தங்களை எப்படி எழுத வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும்.

இடம்? கோவைதான் பக்கம் என்று நினைப்பீர்கள். ஆனால் கொங்கு நாட்டுச் சொந்தபந்தம் பாதிப் பேர் முகூர்த்த மாதங்களில் துணி எடுக்க வந்து இறங்குவது அங்கேதான். முதல் முறை சென்னையில் வையுங்கள். ஜூன் மாதம் அங்கே வானவில் பேரணி நடக்கும் நாட்களை ஒட்டி என்றால், வந்து பார்ப்பவர்களும் இந்தப் படங்களைத் தேடி வருபவர்களாகவே இருப்பார்கள்.