உறுமாமலே கடித்துவிட்டது: தோப்புக் காவல் நாய் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: ஐயா, வணக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. 20 வெள்ளாடு, இரண்டு கறவை மாடு இருக்கின்றன. காவலுக்கு நான்கு வயது ராஜபாளையம் ஆண் நாய் ஒன்று வளர்க்கிறோம். பகலில் கேட் பக்கத்தில் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்து விடுவோம். வெறிநோய்த் தடுப்பூசி குட்டியில் போட்டதோடு சரி. சின்னதாக இருந்தபோது சோற்றுத் தட்டுப் பக்கம் யார் போனாலும் உறுமும். இரண்டு தடவை மட்டையால் போட்டேன், அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. ஐந்து நாளுக்கு முன்னால் தேங்காய் வெட்ட வந்தவர் மோட்டார் ரூமுக்குப் போகும்போது, படுத்திருந்த நாய் சட்டென்று எழுந்து அவருடைய கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. குரைக்கவில்லை, உறுமவும் இல்லை. ரத்தம் வந்தது. சுண்ணாம்பு வைத்துக் கட்டினோம், டிடி ஊசி போட்டுக்கொண்டார். இதற்கு முன்னால் ஒருமுறை பால்காரரைக் கவ்வப் போனது, நல்லவேளை தப்பிவிட்டார். ஐந்து வயதுப் பேரன் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டே திரிகிறான். சொல்லாமல் கடிக்கிற நாயை வைத்துக்கொள்ளலாமா? காயடித்தால் அடங்குமா, யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பதில்: நாயை அப்புறம் பார்ப்போம், முதலில் கடிபட்டவர். டிடி ஊசி ரணஜன்னிக்குத்தான். வெறிநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஐந்து நாள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், இன்றைக்கே அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் ஊசி போடுவார்கள். முதல் ஊசி போடுகிற நாள்தான் 0. ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கிற தயார் எதிர்ப்புப் பொருள்) ஊசியும் தேவைப்படும். அதை முதல் தடுப்பூசியோடு சேர்த்துப் போடுவதுதான் முறை, முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து 7 நாளுக்கு மேல் தள்ளிப் போடக் கூடாது. நாய் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காபித் தூள், எண்ணெய் எதையும் இனி கடிவாயில் வைக்க வேண்டாம். கடித்த நிமிடமே குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். அதுதான் முதல் மருந்து. மோட்டார் ஓடுகிற தோப்பில் தண்ணீருக்கா பஞ்சம்!

கடித்த நாளிலிருந்து 10 நாள் நாயைக் கண்ணில் வைத்திருங்கள். அடிக்காதீர்கள், துரத்தாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். கடித்தபோது எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால் அந்த 10 நாளுக்குள் நாய் நோயில் விழுந்துவிடும். குரல் மாறுவது, கீழ்த்தாடை தொங்குவது, விழுங்க முடியாமல் எச்சில் வடிவது, ஆளே மாறியது போல் நடப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் கிட்டே போகாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். தடுப்பூசியை இந்த 10 நாள் முடிந்த பிறகு நாய்க்குப் போடுங்கள், இப்போது வேண்டாம். போட்டால் ஊசியால் வந்த சோர்வா நோயால் வந்த சோர்வா என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதற்குப் பிறகு வருடா வருடம் தவறக் கூடாது.

சரி, இனி நாய்க்கு வருவோம். சொல்லாமல் கடித்துவிட்டது என்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. அது குட்டியிலேயே சொன்னது, நீங்கள் மட்டையால் போட்டு வாயை அடைத்துவிட்டீர்கள். தோப்பில் மோட்டார் அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று ஸ்டார்ட்டரில், ஆபத்தென்றால் மோட்டாரை நிறுத்துகிற ரிலேயைக் குச்சி வைத்துக் கட்டிவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதற்கப்புறம் ட்ரிப் ஆகாது, ஒருநாள் நேரே மோட்டாரின் கம்பிச்சுருளே எரிந்துபோகும். உறுமல் அந்த ரிலே மாதிரி. ‘கிட்டே வராதே, எனக்குப் பிடிக்கவில்லை’ என்று நாய் வாய்விட்டுச் சொல்வது அது. அதற்கு அடி விழுந்தால் நாயின் பயம் போகாது, உறுமல்தான் போகும். இனி எப்போதாவது உறுமினால் சந்தோஷப்படுங்கள். கையை எடுத்துக்கொண்டு பின்வாங்கி, எதனால் உறுமியது என்று யோசியுங்கள்.

உறுமலுக்கு முன்னாலும் நாய் நிறையச் சொல்லும், சத்தமில்லாமல். சோறு வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். யாராவது தட்டை நோக்கி நடந்தால் முதலில் வேகமாக அள்ளி விழுங்கும். இன்னும் நெருங்கினால் வாய் தட்டில் இருக்கும், மெல்லுவது மட்டும் நின்றுவிடும். தலை அசையாது, கண் மட்டும் உங்கள் பக்கம் ஓரமாகத் திரும்பும். கருவிழிக்குப் பக்கத்தில் வெள்ளை பிறை போலத் தெரியும். உடம்பு கட்டை போலாகிவிடும். இந்த அசைவற்ற நிலைதான் மிகவும் ஆபத்தானது. ஆட ஆடத் தின்றுகொண்டிருந்த நாய் சிலை மாதிரி நின்றுவிட்டதென்றால், அதற்கப்புறம் ஓரடி கூட வைக்கக் கூடாது.

மற்ற நேரங்களிலும் கவனியுங்கள். எதுவும் தின்னாமல் மூக்கையும் உதட்டையும் நக்குவது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, முன்னங்காலை லேசாகத் தூக்கி வைத்துக்கொள்வது, காதைப் பின்னால் ஒட்டவைப்பது, நனையாமலே உடம்பை உதறுவது, வெயில் இல்லாதபோதும் மூச்சிரைப்பது. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துக்கொண்டு பயப்பட வேண்டியதில்லை, தூங்கி எழுந்த நாயும் கொட்டாவி விடத்தான் செய்யும். ஒருவர் கிட்டே வரும்போது இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அந்த ஆளை அதற்குப் பிடிக்கவில்லை என்று பொருள். வாலை ஆட்டுகிறதே என்றும் நம்பிவிடாதீர்கள். இடுப்பும் சேர்ந்து குழைந்து ஆடினால் நட்பு. வால் மட்டும் விறைத்து, உயர்ந்து, சின்னதாக வேகமாக ஆடினால் அது எச்சரிக்கை. ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்று சொன்ன புண்ணியவானை என்னிடம் வந்த பாதிப் பேர் திட்டியிருப்பார்கள்.

பால்காரர் ‘தப்பிவிட்டார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் தப்பவில்லை, நாய் விட்டுவிட்டது. பறக்கிற ஈயை லபக்கென்று கவ்வுகிற வாய் அது, முழுசாக ஒரு மனிதக் காலைக் குறி தவறுமா? காற்றில் கவ்வுவது நாய் தருகிற கடைசி அறிவிப்பு. அன்றைக்கே இந்தக் கடிதம் எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம் அந்தச் சங்கிலி. கேட் பக்கத்தில் கட்டினால் வருகிறவன் போகிறவன், வண்டி, தெருநாய் எல்லாம் அதன் மூக்குக்கு முன்னால்தான். பிடிக்காததைக் கண்டால் விலகிப் போவதுதான் நாயின் முதல் வழி. மூன்றடிச் சங்கிலியில் எங்கே போகும்? மிச்சமிருப்பது பல். அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994-இல் ஓர் ஆய்வு வந்தது. முற்றத்தில் சங்கிலி போட்டுக் கட்டி வளர்த்த நாய் கடிப்பதற்கான வாய்ப்பு மற்றதைவிட மூன்று மடங்கை ஒட்டி இருந்தது. கட்டினால்தான் ரோஷம் வரும் என்று நம் ஊரில் சொல்வார்கள். வருவது ரோஷம் இல்லை, பயம். நல்ல காவல் நாய்க்கு யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி, யார் திருடன் என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். பயந்த நாய்க்கு எல்லாரும் ஒன்றுதான்.

கேட்டை விட்டுத் தள்ளி, நிழலில், ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாகக் கம்பி வலை போட்டு ஓர் அடைப்பு கட்டிக்கொடுங்கள். அது முடியாவிட்டால் இரண்டு மரத்துக்கு நடுவே கம்பியை இழுத்துக் கட்டி, வளையத்தில் சங்கிலியை ஓட விடுங்கள், மரத்தைச் சுற்றிச் சிக்காமல் இருபுறமும் தடை வைத்து. ஆள் வேலைக்கு வருகிற நாளில் நாய் அடைப்புக்குள் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

புதியவர்களைக் கண்டால் வருகிற பயத்தைக் குறைக்க வழி இருக்கிறது, மெதுவாகத்தான் நடக்கும். நாய் அடைப்புக்குள்ளோ உங்கள் கைக் கயிற்றிலோ இருக்கட்டும். தெரிந்த ஒருவரை நாய் பார்த்தும் விறைக்காத தூரத்தில், முப்பதடியோ ஐம்பதடியோ, நடந்து போகச் சொல்லுங்கள். அவர் கண்ணில் படுகிறவரை வேகவைத்த கோழி ஈரலைத் துண்டு துண்டாகப் போடுங்கள். அவர் மறைந்ததும் ஈரலும் நிற்க வேண்டும். ஆள் வந்தால் ஈரல் வரும் என்று அதன் மண்டையில் ஏறியபின் இரண்டிரண்டு அடியாகக் குறையுங்கள். விறைத்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், பழைய தூரத்துக்கே போங்கள். சோற்றுத் தட்டுக்கும் இதே வைத்தியம்தான். தட்டை எடுக்காமல், கை நீட்டாமல், தள்ளி நடந்தபடியே அதைவிட நல்ல துண்டு ஒன்றை உள்ளே எறிந்துவிட்டுப் போய்விடுங்கள்.

பேரன் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் இனி அவனும் நாயும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. கழுத்தைக் கட்டிக்கொள்வது நமக்குப் பாசம், நாய்க்கு அது கிடுக்கிப்பிடி. குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருப்பதால் பெரியவருக்குக் காலில் விழுகிற கடி அவனுக்குக் கன்னத்தில் விழும். அவன் கட்டிக்கொண்டிருக்கும்போது நாயின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பழைய போட்டோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். முகத்தைத் திருப்பி உதட்டை நக்கினால் அது பொறுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் கூட இருக்கும்போது நாயைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதுவாக வந்தால் கழுத்தோரம் தடவட்டும், மூன்று எண்ணியதும் கையை எடுக்கட்டும். நாய் திரும்ப வந்து உரசினால் இன்னொரு மூன்று. போய்விட்டால் விட்டுவிட வேண்டும். தின்னும்போதும் தூங்கும்போதும் தொடவே கூடாது. தெருவில் வேறு நாய் வந்தாலும் ஓடாமல், கத்தாமல், கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து மரம் மாதிரி நிற்கப் பழக்குங்கள்.

காயடிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அலைச்சலும் மற்ற ஆண் நாய்களோடு சண்டையும் குறையும். டென்வர் ஆய்விலும் காயடிக்காத நாய்கள்தான் கூடுதலாகக் கடித்திருந்தன. ஆனால் பயத்தில் கடிக்கிற நாயின் பயத்தைக் கத்தி எடுத்துவிடாது. யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் 10 நாள் முடிந்த பிறகு, கடித்த கதையை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், விரலிடுக்கில் உண்ணி, இடுப்பு வலி என்று ஏதாவது இருந்தால் சாதுவான நாயும் கடிக்கும். கொண்டுபோகும்போது வாய்க்கட்டு போட வேண்டும், ஆனால் நாய் வாயால் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வெயிலில் இறுக்கிக் கட்டியபடி விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம். படுத்திருந்த நாய் சட்டென்று எழுந்து கடித்தது என்று எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இது. ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. நிறமில்லாத வெள்ளைத் தோலோடு கூட வருகிற குறை அது. சிலதுக்கு ஒரு காது மட்டும் கேட்காது, வருடக்கணக்கில் வீட்டுக்காரருக்கே தெரியாது. செவிட்டு நாய் தூக்கத்தில் காலடியை உணரும்போது ஆள் தலைமாட்டில் நிற்பார். உங்கள் நாய்க்கும் அப்படியென்றால் தள்ளி நின்று தரையை மிதித்து எழுப்புவது, கைச்சைகையில் கூப்பிடுவது என்று எல்லாமே மாறும், அதை இனவிருத்திக்கும் விடக் கூடாது.

நாய் தூங்கும்போது, காற்று உங்கள் பக்கமிருந்து வீசாத திசையில், அடைப்புக்கு வெளியே பதினைந்து அடி தள்ளி நின்று, தரை அதிராமல் ஆட்டு மணி ஒன்றை ஆட்டுங்கள். இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை. நாய் எழுந்ததா, எழுந்தால் முதலில் எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்கு எழுதுங்கள்.