மன அழுத்தத்துக்கு மாத்திரை தொடங்கியதிலிருந்து எடை ஏறுகிறது. காரணம் மாத்திரையா, ஹார்மோனா?

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அது தெரியும்வரை மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரலாம்; அடங்கியிருந்த மன அழுத்தமும் திரும்பலாம்.

எனக்கு முதலில் எழுதிக் கொடுத்தது மிர்டாசபின். தூக்கம் நன்றாக வந்தது, கூடவே பசியும் வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்த பிறகும் இனிப்பைத் தேட வைக்கும் பசி. வாயைக் கட்ட முடியவில்லையா என்று வீட்டில் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை. அந்த மருந்து மூளையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் இடத்தை அடைக்கிறது. தூக்கமும் பசியும் ஒன்றாக வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அமிட்ரிப்டிலின் என்ற இன்னொரு மன அழுத்த மாத்திரையும் ஏறக்குறைய அப்படித்தான்.

எல்லா மாத்திரையும் இப்படி இல்லை. அமெரிக்காவில் மன அழுத்த மாத்திரைகள் எடுத்த சுமார் 1,83,000 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. செர்ட்ராலின் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், எஸ்சிட்டலோபிராம், பராக்சிடின் எடுத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் கூடுதலாக ஏறியது சராசரியாக அரை கிலோகூட இல்லை. புப்ரோபியான் எடுத்தவர்களுக்கு செர்ட்ராலினைவிடவும் குறைவு. இது சராசரிதான்; உங்களுக்கு நிறையவே ஏறியிருக்கலாம், அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. அப்புறம், மன அழுத்தத்தில் சாப்பிடாமல் மெலிந்துபோனவர்களுக்கு, தேறும்போது பழைய எடை திரும்பும். அதைப் பக்கவிளைவு என்று நினைத்துப் பயப்படாதீர்கள்.

ஹார்மோனில் முதலில் பார்க்க வேண்டியது தைராய்டு. அது குறைந்தாலும் சோர்வு, மந்தம், எதிலும் நாட்டமின்மை என்று மன அழுத்தம் போலவே இருக்கும். டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும். ஆனால் தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான், அதிலும் உப்பும் நீரும்தான் அதிகம். பெண்களுக்கு சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, மாதவிடாய் நிற்கும் காலம், சில கருத்தடை ஊசிகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாத்திரை தொடங்கிய தேதியையும் எடை ஏறத் தொடங்கிய மாதத்தையும் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். "இதற்குப் பதில் வேறு மருந்து சரிவருமா?" என்று நேராகக் கேளுங்கள். எனக்கு மருந்தைப் படிப்படியாக மாற்றித் தந்தார்கள். சில வாரங்களில் அந்த இரவுப் பசி அடங்கியது. ஏறிய எடை இறங்கத்தான் அதைவிட நாள் பிடித்தது.